கேளாமல் இழுத்த வலை

கடலில் செத்தவர்கள் கரைவலையில் திரும்பி வரத் தொடங்கிய வருஷம், சிலுவைத்துறையில் முதலில் கரையேறியவன் கஸ்பார். வேறு யாராவது முதலில் வந்திருந்தால் ஊருக்கு இத்தனை குழப்பம் வந்திருக்காது. கஸ்பார் உயிரோடிருந்த காலத்தில் குடித்தான், கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அடுத்தவன் வலையை அறுத்து மீனை எடுத்தான், பெண்டாட்டி செலஸ்தீனாளைத் தெருவில் நிறுத்தி அடித்தான், கடைசியில் ஓர் ஆடி மாதக் காற்றில் நாலுபேர் வேண்டாம் வேண்டாம் என்று மறித்தும் கேளாமல், போதையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் செத்தான். அப்படிப்பட்டவன் பல வருஷம் கழித்து ஒரு காலைப்பொழுதில், வலையின் மடிக்குள் சாளை மீனுக்கும் காரலுக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெயில் கண்ணில் படாமல் நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "ஒரு பீடி இருந்தா குடுங்கய்யா" என்றான்.

யாரோ பீடி கொடுத்தார்கள். அவன் அதைப் பற்றவைத்து முடிப்பதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், மீனை முதலில் கூறுபோடுவதா கஸ்பாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவதா என்று சற்று யோசித்து, வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும் என்பதால் மீனையே கூறுபோட்டார். செலஸ்தீனாள் ஓடிவந்து புருஷனைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள், மறுபடி புருஷனைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். அது சந்தோஷ அழுகை என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சிலுவைத்துறையில் கரைவலை இழுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுக் கடலை வளைத்துப் போய் மறு கயிற்றைக் கரைசேர்க்கும். ஊர் இரண்டு வரிசையாக நின்று இரண்டு கயிற்றையும் இழுக்கும். நடுவில் பை போலிருக்கிற மடி கடைசியில் கரையேறும். மடி மணலைத் தொடுவதற்குள் கயிற்றில் கைவைத்த எவருக்கும் பங்கு உண்டு. விடியற்காலையிலிருந்து நெஞ்சு வெடிக்க இழுத்தவனுக்கும், கடைசி நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைச் சும்மா தொட்டுப் பார்த்தவனுக்கும் ஒரே கூறு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

கஸ்பாருக்குப் பிறகு சிலர் வந்தார்கள். வட்டிக்காரன் ஒருவன் வந்தான். கிணற்றடியில் சண்டைபோடுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருத்தி வந்தாள். சிப்பி பொறுக்கப் போய் அலையில் போன ஒரு சின்னப்பிள்ளை, போன அதே பாவாடையில் வந்து இறங்கி, தன் தங்கை தன்னைவிட உயரமாயிருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டது. எந்த தேசத்தவர், என்ன பாஷை என்றே தெரியாத ஒரு கப்பற்காரரும் வந்தார். அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் பார்த்து இறக்கிவிடச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் தினம் பூசை காணாமல் வலையைத் தொடாதவர்களும், பசித்தவனுக்குத் தன் பங்கை அப்படியே கொடுத்தவர்களும், செபமாலையைக் கழுத்தை விட்டுக் கழற்றாமல் மூழ்கிப்போனவர்களும் வரவில்லை.

இதுதான் ஊரைக் கிண்டிவிட்டது. செத்தவன் எப்படி வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை, கடலில் போனதைக் கடல் தருகிறது, அதில் என்ன இருக்கிறது. இவன் ஏன் வந்தான், என் புருஷன் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. பங்குச்சாமியார் இருதயராஜ் வாலிபர், திண்டுக்கல் பக்கத்து மேட்டுநிலத்தார், கடலைப் பார்த்தால் இன்னும் தலைசுற்றும். கடவுள் எல்லாருக்கும் கையை நீட்டுகிறார், பிடிப்பதும் விடுவதும் மனுஷன் பாடு என்று பிரசங்கம் வைத்தார். கஸ்பார் கடைசி மூச்சில் மனம் திரும்பியிருப்பான் என்று நம்பி, அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கடைசி நேரத்துல மனசு வருத்தப்பட்டியாப்பா?"

"பட்டேன் சாமி. பீடிக்கட்டு நனைஞ்சு போச்சேன்னு."

உபதேசியார் சூசைமரியானுக்கு இது போதும். அவர் வயதானவர், நாலு சாமியார்களுக்குக் கீழே வேலை பார்த்தவர், ஐந்தாவது சாமியாருக்குப் பயப்படுகிற வயது தாண்டிவிட்டது. சாயாக்கடையில் உட்கார்ந்து, "இதுல மனுசன் செய்யதுக்கு ஒண்ணுமில்ல. அவரு யாரை எடுக்கணும்னு உலகம் உண்டாகுமுன்னயே தீர்மானம் பண்ணிட்டாரு. எடுத்தா எடுத்ததுதான். வலைக்குள்ள கெடக்க மீனு, நான் வரமாட்டேம்னு சொல்லுமா?" என்றார். அப்படியானால் நாங்கள் ஒருசந்தி இருந்ததெல்லாம் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். பசியெடுத்தால் உடம்புக்கு நல்லது என்றார் உபதேசியார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. சாமியார் கட்சிக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் மட்டுமே இனிக் கயிற்றில் கைவைப்பது, குடிகாரனையும் வழிப்போக்கனையும் கயிற்றுக்கு அண்டவிடுவதில்லை. கோயிலில் பாவம் சொல்ல வரிசை நின்றது. சாராயக்கடையில் ஈ ஓட்டினார்கள். சுத்தமான கைகள் இழுத்த வலையில் தின்ன ஆகாத சொறிமீனும் பாசியும்தான் வந்தன. அலுத்துப்போய்ப் பழையபடி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஒரு கிழவர் வந்தார், அவரும் ஆயுசில் ஒரு நாள்கூடக் கோயில் வாசலை மிதியாதவர். உபதேசியார் கட்சி பட்டாசு கொளுத்தியது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு எவரும் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளவுமில்லை.

இரண்டு கட்சிக்கும் காதுகொடுத்து, இரண்டு கட்சி சொன்னதையும் செய்துகொண்டு, கஸ்பார் வருவதற்கு முன்னிருந்தே நின்றதுபோலக் கயிற்றின் முதல் ஆளாகத் தினம் நின்றவள் வியாகுலம். அவளுக்கு அவள் மகன் நேவிஸ் வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்திலும் மறு உலகத்திலும் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமலிருந்து, ஊர் வாய்க்கு அவலாகி, பனிமய மாதா திருநாளில் முழங்காலிலேயே கோயிலைச் சுற்றி வந்து, ஆண்பிள்ளை பிறந்தால் உமக்கே தந்துவிடுகிறேன், குருமடத்துக்கு அனுப்பிச் சாமியாராக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. தஸ்நேவிஸ் என்று, பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பேரையே வைத்தாள். பிள்ளை நடக்கத் தொடங்கியதிலிருந்து அவன் மற்ற பிள்ளைகளோடு கட்டுமரத்தில் ஏறக் கூடாது, வலையைத் தொடக் கூடாது, வெயிலில் கறுக்கக் கூடாது, அவன் கடவுளுடைய சொத்து. ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படி என்றால் படிப்பான், முழங்காலில் நில் என்றால் நிற்பான். இப்படியொரு பிள்ளை எந்த வீட்டிலுண்டு என்று வியாகுலம் பூரித்துப்போவாள்.

குருமடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு ஒரு விடுமுறைக்கு வந்தவன், "எனக்கு அது ஒத்துவரலம்மா" என்றான். வியாகுலம் சத்தம் போடவில்லை. சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் தொண்டை வறண்டு பேச்சு நின்றபோது அவன் பெட்டியை எடுத்துக் கட்டினான். அவள் எழுந்து கஞ்சி குடித்தாள். அடுத்த விடுமுறை முடிந்து திரும்பவேண்டியதற்கு முந்தின நாள், ஒரு தடவை கடலுக்குப் போய்வருகிறேன் என்று கூட்டாளிகளுடன் வள்ளத்தில் போனான். கடல் அன்றைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. வள்ளத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான், திரும்பிப் பார்த்தபோது இல்லை என்றுதான் கூட்டாளிகள் சொன்னார்கள். விழுந்தானா என்று கேட்டதற்கு அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அதனால்தான் வியாகுலத்துக்குக் கட்சி முக்கியமில்லை. சாமியார் சொல்வதுபோல முயன்றால் கிடைக்குமானால் அவள் முயன்றாள்: செருப்பைக் கழற்றிப் போட்டாள், உப்பில்லாமல் தின்றாள், வளையலைக் கழற்றி மாதாவின் கையில் மாட்டினாள். உபதேசியார் சொல்வதுபோல எல்லாம் கடவுள் சித்தமானால், அந்தச் சித்தத்தின் காலில் விழுந்து கிடந்தாள். மடி கரையேறும்போதெல்லாம் அவள் முன்னால் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சின்னப்பிள்ளை வந்தபோது ஊரே ஆனந்தக் கண்ணீர் விட்டது. வியாகுலமும் விட்டாள், ஆனால் அவள் நெஞ்சில் இருந்தது பொறாமை. அது அவளுக்கே தெரியும், அதையும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள்.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து கஸ்பார் அவள் தெருவழியே நடப்பதில்லை. கயிற்றில் அவள் இந்த வரிசையில் நின்றால் அவன் அந்த வரிசைக்குப் போய்விடுகிறான். ஒரு மத்தியானம் வலைக்கொட்டகையில் தனியாக உட்கார்ந்து வலைக்கண்ணி முடிந்துகொண்டிருந்தவனை வாசலை மறித்துப் பிடித்தாள்.

"என்னடே, என்னையக் கண்டா ஒளியுத?"

"ஒளியல மயினி."

"எம் பிள்ளைய அங்க பாத்தியா?"

கஸ்பார் ஊசியைக் கீழே வைத்தான். உயிரோடிருந்த காலத்தில் எதற்கும் அழாதவன் கண் கலங்கிவிட்டான்.

"ஒரே வலையிலதான் மயினி ரெண்டு பேரும் இருந்தோம். நாள்தோறும் இழுக்கிற சத்தம் தண்ணிக்குள்ள நல்லாக் கேக்கும். வலை எல்லாரையும் வளைச்சிக்கிட்டுத்தான் வருது, நல்லவன் கெட்டவன்லாம் அது பாக்கல. நான் சும்மா உக்காந்திருந்தேன், வந்துட்டேன். நேவிசு எனக்குப் பக்கத்துலதான். 'யாரு இழுக்கா?'ன்னு கேட்டான். ஊரு இழுக்கு, முன்னால ஒங்க அம்மைதான் நிக்கா, கொரலு கேக்கலையான்னேன். 'கேக்கு'ன்னான். பொறவு சிரிச்சான். 'எனக்கு வரணுமான்னு கேட்டாகளா?'ன்னான். கண்ணிய ரெண்டு கையால விரிச்சான். போய்ட்டான்."

"நீ பிடிக்கலையா?"

"பிடிச்சேன் மயினி. சட்டையத்தான் பிடிச்சேன்."

வரமறுத்தவர்கள் இன்னும் பலர் அங்கே இருக்கிறார்கள், வருவதும் வராததும் நல்லவன் கெட்டவனைப் பொறுத்ததல்ல என்று கஸ்பார் ஏதேதோ சொன்னான். வியாகுலம் அதற்குமேல் கேட்கவில்லை. வேறொரு தாயாக இருந்தால் மகன் கேட்ட அந்தக் கேள்வியில் நின்றிருப்பாள். இவள் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்: கண்ணி பெரிதாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே சம்மாட்டி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மடியின் உட்பக்கம் நெத்திலி வலையைக் கொடுத்துத் தைக்க வேண்டும், விரல்கூட நுழையக் கூடாது என்றாள். சம்மாட்டி சாமியாரைக் கேட்கச் சொன்னார். சாமியார், "கட்டாயப்படுத்தி ஒருத்தரை மீட்க முடியாதும்மா. கடவுளே அதைச் செய்யறதில்ல" என்றார். உபதேசியாரோ உற்சாகமாகிவிட்டார். "பெலமா இழுக்கிறவரு இழுத்தா வராம எங்க போவான்? அவன் மறுக்கான்கிறதுக்காக விட்டுட்டா அது என்ன அன்பு? நீ தையி தாயி" என்றார். வியாகுலம் சாமியாரைப் பார்த்து, "சாமி, நீங்க பிள்ளை பெத்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஊரில் கிடந்த நெத்திலி வலையெல்லாம் வந்தது. புருஷன் வராத பெண்கள், தகப்பன் வராத பிள்ளைகள் எல்லாரும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். ஒரு மடிக்குள் இன்னொரு மடி, அதற்குள் இன்னொன்று. ஏதோ தப்பு நடக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரவர்க்கு அவரவர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வலையை இழுத்த நாளில் கயிறு கையை அறுத்தது. இதுவரை வந்தவர்களெல்லாம் மீனோடு மீனாக லேசாக வந்தார்கள். இன்றைக்குக் கடலுக்கடியில் ஒருவன் எதிர்த்து இழுக்கிறான் என்று கயிறு பிடித்த எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் இழுத்தார்கள். வியாகுலத்தின் உள்ளங்கை பிய்ந்து கயிறு சிவந்தது. மடி கரையேறியது. உள்ளே நேவிஸ் மட்டும்தான் இருந்தான், கூடத் தைத்தவர்களின் ஆட்கள் எவரும் வலைக்குள் அகப்படவில்லை. விரல் நகங்களிலெல்லாம் வலைநூல் சிக்கியிருந்தது.

மேளம் கொட்டினார்கள். கோயில் மணி அடித்தார்கள். உபதேசியார் எல்லாரையும் கட்டிப்பிடித்தார், சாமியாரைக்கூட. வியாகுலம் மகனை வீட்டுக்குக் கூட்டிப்போய், தலைதுவட்டி, புதுவேட்டி உடுத்தி, சுடுசோறும் மீன்குழம்பும் வைத்து, "சாப்பிடு ராசா" என்றாள். சாப்பிட்டான். "படு" என்றாள். படுத்தான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, பெற்ற நாளன்று பார்த்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு ஆயுசில் அன்று ஒரு நாள்தான் கிடைத்தது.

ஆனால் அவன் காயவில்லை. மற்றவர்கள் கரையேறிய கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோனார்கள். நேவிஸின் தலைமுடியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. வேட்டி மாற்றி மாற்றிப் பார்த்தாள், வெயிலில் உட்காரவைத்துப் பார்த்தாள். உட்கார் என்றால் உட்கார்ந்தான். செபமாலை சொல்லு என்றால் சொன்னான். அவன் படுத்த இடத்தில் உப்புப் பூத்தது, சுவரில் ஏறியது, அரிசிப்பானைக்குள்ளும் போயிற்று. அவனாக ஒரு வார்த்தை பேசவில்லை, அவனாக ஒரு பொருளை எடுக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டால் நின்ற இடத்திலேயே, முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டு, பொழுது சாயும்வரை நின்றான். இப்படியொரு பிள்ளை எந்த வீட்டிலுண்டு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது வியாகுலம் எழுந்து கதவைச் சாத்தினாள்.

உபதேசியார் பார்க்க வந்தார். கட்டிலோரத்தில் உட்கார்ந்து நேவிஸின் கையைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்துபோயிருந்தது. கிழவர் ஈரமான கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது இதில்ல தாயி," என்றார். "அவரு இழுத்தா, வரணும்கிற ஆசையையும் சேத்துத்தான் குடுத்து இழுப்பாரு. நாம கயித்தை மட்டும்லா இழுத்திருக்கோம்."

சாமியாரும் வந்தார். தான் சொன்னதுதான் சரியாகிவிட்டது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. விட்டுவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தார், அந்தத் தாயைப் பார்த்ததும் நேவிஸின் நெற்றியில் சிலுவை மட்டும் வரைந்தார். இரண்டு பேரும் வெளியே வந்து, வெகுகாலத்துக்குப் பிறகு சண்டைபோடாமல், ஒரே பாதையில் கோயிலுக்கு நடந்துபோனார்கள்.

வியாகுலம் வீட்டுக்குள்ளேயிருந்த, சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் போய் நின்றாள். முழங்காலில் விழவில்லை. "நீரும் இப்படித்தான் எங்களை வச்சிக்கிட்டுத் தவிக்கீரா?" என்று கேட்டாள். "இழுத்தா இப்படி வாரோம். விட்டா போயிருதோம். என்னய்யா செய்வீரு நீரு?" கேட்டுவிட்டு, தனக்காக இல்லாமல், அந்த மரச் சுரூபத்துக்காகவே அழுதாள். அப்படி அவள் அதற்குமுன் அழுததில்லை.

மறுநாள் விடிந்ததும் மகனைக் கைபிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கரைவலை இழுக்க வந்தவர்கள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். கஸ்பார் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டான். தாயும் மகனும் இடுப்பளவு தண்ணீர்வரை போனார்கள். அங்கே நின்று அவள் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உள்ளங்கைப் புண்ணில் உப்புநீர் பட்டு எரிந்தது.

அவனுக்குச் சொல்லவேண்டியது அவளிடம் எவ்வளவோ இருந்தது. நேர்ச்சையைப் பற்றி, கவிழ்த்து வைத்த சோற்றுப்பானையைப் பற்றி, வீட்டிலேயே இருந்துகொள் ராசா, சாமியாராகவும் வேண்டாம், ஒன்றுமாகவும் வேண்டாம், சும்மா இரு போதும் என்பதைப் பற்றி. அதையெல்லாம் சொன்னால் அவன் கேட்பான், சரி என்பான், ஈரத்தோடு வீட்டுக்கு வருவான். அதனால் ஒன்றையும் சொல்லவில்லை. அவனைப் பெற்றதிலிருந்து அவனிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"மக்கா, ஒனக்கு என்ன வேணும்?"

நேவிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதலில் அவன் கண்ணிமை காய்ந்தது, பிறகு நெற்றி, பிறகு கன்னம். முகம் முழுக்கக் காய்ந்து, சின்னப்பிள்ளையில் வெயிலில் விளையாடவே விடாத அந்த முகத்தில் காலைவெயில் அடித்தது. அவன் சிரித்தான். வியாகுலத்தின் புண்ணான கையை எடுத்து முத்தம் கொடுத்தான். இனி வீட்டுக்கு வந்துவிடுவான் என்றே அவள் நினைத்தாள், கரையில் நின்ற ஊரும் நினைத்தது. கேட்டுவிட்டாளே, இதற்குமேல் என்ன.

"போறேம்மா," என்றான்.

அந்த ஊரில் பக்கத்துக் கடைக்குப் போகிறவன்கூட, போய்ட்டு வாரேன் என்றுதான் சொல்லுவான். பிள்ளைகள் வாய்தவறிப் போறேன் என்று சொல்லிவிட்டால், தாய்மார் அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, திரும்பக் கூப்பிட்டு, திருத்திச் சொல்லவைத்து அனுப்புவார்கள். வியாகுலம் திருத்தவில்லை.